மடையும் மராமத்தும்

'சர்வர்' என்ற சொல்லைக் கேட்டால் என் வயதுக்காரர்களுக்கு ஹோட்டல்தான் ஞாபகத்துக்கு வரும். தோளில் துண்டும் கையில் நாலு தம்ளர் காப்பியுமாக மேஜைக்கு மேஜை ஓடுகிற மனிதர். பாளையங்கோட்டையில் இருக்கும் என் நண்பரின் தங்கை மகன் 'சர்வர்' என்று சொல்வது வேறு. எங்கேயோ குளிரூட்டிய அறையில் இரும்புச் சட்டத்தில் அடுக்கி வைத்திருக்கும் கணினி அது. கேட்டவருக்குக் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அதன் உத்தியோகம். யோசித்துப் பார்த்தால் இரண்டு சர்வர்களுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. இரண்டு மேஜைக்குப் பரிமாற யாராலும் முடியும். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் வாசலில் இருக்கும் ஹோட்டலில் பரிமாறுவதுதான் பரீட்சை.

அந்தப் பையன் போன மாதம் பதினான்கு பக்க அறிக்கை ஒன்றை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"சார், நாங்க மூணு பேரா எழுதினது. எந்த இயங்குதளம் போடணும்னு முடிவு பண்ண முடியல. மாமாதான் உங்ககிட்டக் காட்டச் சொன்னாக."

"எனக்குக் கணினியைப் பற்றி என்ன தெரியும், தம்பி?"

"கணினியப் பத்தி வேண்டாம் சார். வாதம் சரியா இருக்கான்னு பாத்துச் சொன்னாப் போதும்."

கதை எழுதுகிறவனிடம் இப்படி ஒரு காரியத்தைக் கொடுத்தால் அவன் மறுக்க மாட்டான். பிறர் எழுத்தில் குற்றம் கண்டுபிடிப்பது எங்களுக்குப் பிடித்தமான தொழில். ஆனால் இந்த அறிக்கையைப் பொழுதுபோக்காக நான் படிக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

என் நண்பர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். நாற்பது வருஷமாகப் பழைய மாதப் பத்திரிகைகளைச் சேர்த்து வந்தவர். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் அவருடைய பூர்வீக வீட்டில் மச்சு வரைக்கும் அவைதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நின்றுவிட்டது. அந்த வெள்ளம் நண்பரின் வீட்டுக்குள்ளும் வந்தது. வடிந்த பிறகு பார்த்தால், ஐம்பது வருஷத்துச் சிறுகதைகள் அலமாரியில் களிமண் போலப் பிசைந்து கிடந்தன.

நல்ல வேளையாக, சில வருஷங்களுக்கு முன்பே மருமகப் பிள்ளை பாதிக்கு மேல் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தான். அந்தப் படங்கள்தான் இன்றைக்கு மூலம். உரிமைக் காலம் முடிந்தவற்றை ஓர் இணையதளத்தில் போட்டுவிட்டான். லட்சக்கணக்கான பக்கங்கள். சிங்கப்பூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் வாசிக்கிறார்கள். முதலில் இடம் வாடகைக்கு எடுத்திருந்த கம்பெனியில் கூட்டம் தாங்காமல் தளம் அடிக்கடி படுத்துக்கொண்டது. இனிமேல் சொந்த சர்வர்கள் என்று தீர்மானித்தார்கள். அவற்றில் எந்த இயங்குதளம் என்பதுதான் கேள்வி. இதில் தவறினால் போவது வேறு எங்கும் பிரதி இல்லாத கதைகள்.

இயங்குதளம் என்றால் என்ன என்று கேட்கும் வாசகர்களுக்கு நம் ஆற்றையே காட்டலாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும் தாமிரபரணிக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியான ஸ்ரீவைகுண்டம் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. தண்ணீர் ஆற்றினுடையது; பயிர் குடியானவனுடையது. நடுவில் நின்று, எந்தக் காலுக்கு எவ்வளவு, எந்த மடை எப்போது திறக்கும் என்று பங்கு பிரிக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும். கணினியில் அந்த ஏற்பாடுதான் இயங்குதளம். இயந்திரத்தின் நினைவகத்தையும் நேரத்தையும் வட்டையும் வலைத் தொடர்பையும் வந்து நிற்கும் புரோகிராம்களுக்கு அது பங்கிட்டுக் கொடுக்கிறது. ஒருவன் வயலுக்குப் போகும் தண்ணீரை இன்னொருவன் வெட்டிக்கொள்ளாமல் காவலும் காக்கிறது. சரியாக நடக்கும் வரையில் அப்படி ஒன்று இருப்பதே வாசகனுக்குத் தெரியாது.

இனி அறிக்கைக்கு வருகிறேன்.

மூன்று பையன்களும் ஆளுக்கு ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார்கள். ஒருவன் விண்டோஸ் கட்சி. இரண்டாமவன் பிரீ-பி.எஸ்.டி. மூன்றாமவன் லினக்ஸ். ஒவ்வொருவனும், ஒரு விநாடிக்கு எத்தனை பக்கம் பரிமாற முடியும் என்று அட்டவணை போட்டிருக்கிறான். ஆச்சரியம் என்னவென்றால், ஒவ்வோர் அட்டவணையிலும் எழுதியவனுடைய கட்சியே ஜயித்திருக்கிறது! நம் ஊரில் நாவல்களைப் பற்றி நடக்கும் விவாதமும் இப்படித்தான். ஒரு கோஷ்டி விற்பனைக் கணக்கைக் காட்டும். இன்னொரு கோஷ்டி பரிசுப் பட்டியலைக் காட்டும். நாவலைப் படித்ததாக இருவருமே காட்டிக்கொள்வதில்லை.

வேக அட்டவணையின் பெரிய குறை, அது கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது. பெரிய இணையதளம் தள்ளாடும்போது பெரும்பாலும் குற்றவாளி இயங்குதளம் அல்ல என்று பையனே விளக்கினான். தரவுத்தளத்தை மோசமாகக் கேட்பது, அடிக்கடி கேட்கும் பக்கத்தைக் கைக்கு எட்டும் இடத்தில் எடுத்து வைக்காதது, படங்களைத் தேவைக்கு மேல் கனமாக அனுப்புவது ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். சமையற்கட்டில் ஒரே ஓர் அடுப்பு இருக்கும்போது சர்வரின் காலை நூலால் அளந்து என்ன பிரயோஜனம்? இதை வாயால் தெளிவாகச் சொன்னவன் அறிக்கையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் பதினான்கு பக்கத்தில் ஒன்பது பக்கம் குறைந்திருக்கும்.

ஒவ்வோர் இயங்குதளத்தையும் அதனதன் நியாயத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றிலும் நல்லது இருக்கிறது.

விண்டோஸை ஏளனம் செய்வது படித்த பையன்களுக்கு ஒரு நாகரிகம். லைசென்ஸுக்குப் பணம் கட்ட வேண்டும், உள்ளே பிரித்துப் பார்க்க முடியாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் உலகத்துப் புரோகிராமர்கள் சந்தேகம் கேட்கும் 'ஸ்டாக் ஓவர்புளோ' தளம் பல வருஷங்கள் விண்டோஸில்தான், விரல்விட்டு எண்ணக்கூடிய சர்வர்களைக் கொண்டு, நடந்தது. கட்டியவர்களுக்கு அந்தக் கருவிகள் கைவந்தவை. தெரிந்த கருவியைப் பிடித்த கை தவறுவதில்லை. அறிக்கையின் விண்டோஸ் அத்தியாயத்தில் இந்த உதாரணம் இல்லை. அதற்குப் பதில் விளம்பரத் துண்டுப் பிரசுரத்தின் வாசனை அடிக்கிறது.

பிரீ-பி.எஸ்.டி. 1993இல் உருவானது; கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலை வழி வந்த குடும்பம். கருவும் அதைச் சுற்றிய கருவிகளும் ஒரே குழுவின் கையில் வளர்வதால் அதற்கு ஓர் ஒருமை இருக்கிறது. ஒரே ஆசிரியர் எழுதிய நாவல் மாதிரி. நெட்பிளிக்ஸ் நிறுவனம் சினிமாப் படங்களை அனுப்பும் தன் சர்வர்களில் இதைத்தான் வைத்திருக்கிறது. ஹாட்மெயில் கதையும் உண்டு. 1997 கடைசியில் மைக்ரோசாப்ட் அதை விலைக்கு வாங்கியபோது அது ஓடிக்கொண்டிருந்தது பிரீ-பி.எஸ்.டி.யில். சொந்தச் சரக்கான விண்டோஸுக்கு அதை மாற்ற வாங்கியவர்களுக்கே வருஷங்கள் பிடித்தன. ஓடுகிற தேரை வடம் மாற்றுவது லேசான காரியம் இல்லை. இன்று செய்யும் தேர்வு நாளைக்கு அழிக்கச் சுலபமானது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையை ஒரு முறை யோசிக்க வேண்டும்.

லினக்ஸை 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் ஆரம்பித்தார். அவர் கொடுத்தது கரு மட்டும். அதைச் சுற்றிக் கருவிகளைச் சேர்த்து முழு வீடாகக் கட்டிக் கொடுப்பவர்கள் பலர். ஆகவே 'லினக்ஸ்' என்று சொல்வது, 'எந்த ஊர்?' என்று கேட்டதற்கு 'தமிழ்நாடு' என்று பதில் சொல்வது போல. மூன்றாவது பையனின் அத்தியாயம் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. உண்மையான கேள்வி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. யார் கட்டிய வீடு? கூரை ஒழுகினால் யார் வருவார்கள்? எத்தனை வருஷத்துக்கு வருவார்கள்?

இங்கேதான் சென்ட்-ஓ.எஸ். கதையைச் சொல்ல வேண்டும். ரெட் ஹாட் என்ற அமெரிக்கக் கம்பெனி லினக்ஸைக் கட்டி, பத்து வருஷம் பராமரிப்பதாகச் சொல்லிச் சந்தா வாங்குகிறது. மூலம் திறந்த மூலம். ஆகவே அதையே எடுத்து, பெயர்ப் பலகையை மட்டும் நீக்கி, 2004 முதல் சிலர் இலவசமாகக் கொடுத்தார்கள். அதுதான் சென்ட்-ஓ.எஸ். உலகத்தில் எத்தனையோ இணையதளங்கள் அதன் மேல் நின்றன. 2014இல் ரெட் ஹாட்டே அந்த முயற்சியைத் தன் நிழலில் சேர்த்துக்கொண்டது. 2019இல் எட்டாம் பதிப்பு வந்தது. 2029 வரை ஓடும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2020 டிசம்பர் 8ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது: எட்டாம் பதிப்பு 2021 கடைசியோடு சரி. பத்து வருஷக் குத்தகை என்று நம்பி நடவு செய்தவனுக்கு, அடுத்த போகம் வரைதான் தண்ணீர் என்று சொன்ன மாதிரி ஆயிற்று.

கம்பெனியை வைவதற்காக இதைச் சொல்லவில்லை. இலவசமாகக் கொடுத்துவந்த ஒன்றை நிறுத்தினார்கள். சட்டம் அவர்கள் பக்கம்தான். பழைய ஏழாம் பதிப்பை அதன் தவணையான 2024 ஜூன் 30 வரை காப்பாற்றவும் செய்தார்கள். ஆனால் நம்பியவர்கள் எதை நம்பினார்கள் என்று பார்க்க வேண்டும். யாரும் கையெழுத்துப் போடாத ஒரு வழக்கத்தை நம்பினார்கள். பிறகு சென்ட்-ஓ.எஸ்.ஸை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்ஸர், மறைந்துபோன தம் சகாவின் பெயரை வைத்து 'ராக்கி லினக்ஸ்' தொடங்கினார். 'அல்மா லினக்ஸ்' என்று இன்னொன்றும் வந்தது. இரண்டும் இன்று நன்றாகவே நடக்கின்றன. அறிக்கையில் இந்தச் சரித்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. வேகத்தை அளந்தவர்கள், வாக்குறுதியை அளக்கவில்லை.

நான் படித்த வரையில் வாக்குறுதியை எழுத்தில் வைத்திருப்பது டெபியன். 1993இல் இயான் மர்டக் என்பவர் ஆரம்பித்தது. தம் பெயரையும் அப்போது காதலித்த டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். கதாசிரியனுக்கு இந்த மாதிரி விவரம் போதும், பாதி மனசு சாய்ந்துவிடும். 1997இல் அவர்கள் தங்களுக்குள் ஒரு சமூக ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். ஐந்தே அம்சங்கள். என்றும் சுதந்திரமான மென்பொருளாகவே இருப்போம், குறைகளை ஒளிக்க மாட்டோம், உபயோகிப்பவர்களின் நலனை முன்னால் வைப்போம் என்ற ரீதியில் போகிறது. அலங்காரம் இல்லாத வசனம். ஒரு வாக்கியத்தைக்கூட இரண்டு விதமாகப் படிக்க முடியவில்லை. நம் பதிப்பாளர்களின் ஒப்பந்தப் பத்திரங்கள் இப்படி இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். இதற்கு முதலாளி கிடையாது. உலகமெங்கும் சுமார் ஆயிரம் பேர் தாமாகவே பராமரிக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதிப்புகளுக்குப் பொம்மைகள் நடமாடும் 'டாய் ஸ்டோரி' சினிமாவிலிருந்து பெயர் வைக்கிறார்கள். எப்போதும் முடிவடையாத சோதனைப் பதிப்புக்கு, அந்தக் கதையில் பொம்மைகளை உடைக்கிற பையனான சித் என்பவன் பெயர். ஹாஸ்ய உணர்ச்சி உள்ளவர்கள்.

நம் பக்கத்தில் இதற்குப் பழைய பெயர் ஒன்று உண்டு: குடிமராமத்து. கால்வாயில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களே கால்வாயைத் தூர் வாருவது. உடனே எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு மண்வெட்டி எடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1858இல் சென்னை சர்க்கார் அதற்கென்றே கட்டாய வேலைச் சட்டம் ஒன்று கொண்டுவர வேண்டியிருந்தது. பொதுக் காரியத்தில், வருகிறவன் வருவான். வராதவன் வயலுக்கும் தண்ணீர் போய்ச் சேரும். கடைசியில் ஒருவன் தலையில் பாரம் விழும்.

அதுவும் நடந்தது. லினக்ஸ் வீடுகள் அநேகமாக எல்லாவற்றிலும் 'எக்ஸ்-இஸட்' என்று கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதை வெகு காலம் ஏறக்குறைய ஒரே மனிதர் ஊதியமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். களைத்துப்போனவருக்கு உதவுவதாக ஒரு புனைபெயர் ஆசாமி வந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவனாக உழைத்து, நம்பிக்கை பெற்று, கடைசியில் கள்ளச் சாவி ஒன்றை உள்ளே செருகிவிட்டான். 2024 மார்ச் கடைசியில் ஆந்த்ரேஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். சர்வருக்குள் நுழையும் நேரம் வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டதுதான் ஆரம்பம். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாப்டில்! விண்டோஸ் கட்சி, லினக்ஸ் கட்சி என்று பிரிந்து நிற்கும் பையன்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

இந்தச் சம்பவத்தை டெபியனுக்கு விரோதமான சாட்சியாக முதலில் நினைத்தேன். பையன் ஒரு விவரம் சொன்னான். கள்ளச் சாவி டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரைதான் வந்தது. சர்வர்களில் போடுகிற நிலைப் பதிப்பை எட்டவில்லை. காரணம், அந்தப் பதிப்பு புதுச் சரக்கை அவசரப்பட்டு வாங்காது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் புதிது. நடுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 'பழசு, மெதுவானது' என்று அறிக்கையில் குறையாக எழுதியிருந்தது இதைத்தான். புத்தகக் களஞ்சியத்துக்கு அது குறையா என்ன?

பெரிய தளத்துக்கு இதெல்லாம் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு விக்கிப்பீடியா இருக்கிறது. 2003இல் பிறந்த தமிழ் விக்கிப்பீடியாவும் அதே சர்வர்களில்தான் வாழ்கிறது. 2008இல் அவர்களிடம் ஏறக்குறைய 400 சர்வர்கள், பலவித லினக்ஸ்கள் கலந்து கிடந்தன. அவற்றை உபுண்டு என்ற ஒரே வகையாக மாற்றினார்கள். உபுண்டு டெபியனிலிருந்து கிளைத்தது. ஒரு கம்பெனி நடத்துவது. பிற்பாடு அதிலிருந்தும் டெபியனுக்கே வந்துவிட்டார்கள். சர்க்கார் காரியாலயத்தில் லினக்ஸ் நடக்குமா என்று கேட்டால், 2007 வாக்கில் சி. உமாசங்கர் நிர்வாகத்தில் இருந்தபோது நம் மாநிலத்து எல்காட் நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. விக்கிப்பீடியாவிடம் நான் கற்றது, எல்லா இயந்திரமும் ஒரே மாதிரி இருந்தால் சில பேரே பலவற்றைக் கவனிக்க முடியும் என்பது. மூன்று பேர் மூன்று கட்சியாக இருக்கும் இடத்தில் ஆளுக்கொரு சர்வர் என்று சமரசம் செய்துகொள்வதுதான் மிக மோசமான முடிவு. அறிக்கையின் கடைசிப் பக்கம் அந்தச் சமரசத்தைத்தான் சிபாரிசு செய்திருந்தது.

என் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுத்தேன். டெபியன் நிலைப் பதிப்பு. எல்லா சர்வரிலும் அதுவே. இது பாங்குக் கணக்காக இருந்து, நடு ராத்திரி போன் செய்தால் பதில் சொல்ல ஆள் வேண்டுமென்றால், ரெட் ஹாட்டுக்குச் சந்தா கட்டச் சொல்லியிருப்பேன். மூவருக்கும் விண்டோஸ் மட்டுமே கைவந்தது என்றால் அதையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். இங்கே பணம் இல்லை, லினக்ஸ் இரண்டு பேருக்குத் தெரியும், சாமான் நீண்ட காலம் இருக்க வேண்டியது. கூடவே மூன்று நிபந்தனைகள். படங்களின் பிரதி ஒன்று வேறு ஊரில், வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். சர்வரைக் கட்டிய முறையைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பையனுக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போனாலும் இன்னொருவன் எடுத்து நடத்தும்படி. இந்தப் பதிப்புக்கு ஆயுள் மொத்தம் ஐந்து வருஷம். அது முடியும் தேதியை இன்றைக்கே சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

டெபியனில் குறை இல்லையா என்றால், உண்டு. அவர்களுடைய சச்சரவுகள் பிரசித்தம். 2014இல் உள் ஏற்பாடு ஒன்றைப் பற்றிச் சண்டை முற்றி ஒரு பகுதியார் தனிக் குடித்தனமே போனார்கள். கையேடுகளின் நடை வறட்டு நடை. ஆனாலும் சண்டையைத் திறந்த வெளியில் போடுகிறார்கள்; யார் வேண்டுமானாலும் படிக்கலாம். குறைகளை ஒளிக்க மாட்டோம் என்ற வாக்கு அந்த இடத்தில் காப்பாற்றப்படுகிறது.

நண்பர் என் குறிப்பைப் படித்துவிட்டு முகம் வாடினார்.

"அஞ்சு வருஷம்தானா அண்ணாச்சி? நான் என்னமோ இனிமே சாசுவதம்னுல்லா நெனச்சேன்."

அவருக்குப் பதிலாக ஒரு பழைய சங்கதியை ஞாபகப்படுத்தினேன். பத்துப்பாட்டு ஏட்டைத் தேடி ஆழ்வார்திருநகரிக் கவிராயர் வீடுகள் வரை வந்த உ.வே. சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூருக்கும் போனார். கோயிலில் இருந்த ஏடுகளை அதற்குள் ஹோமத் தீயில் போட்டுவிட்டார்கள். பழுதான சுவடியைப் புதுச் சுவடியில் பிரதி செய்துவிட்டுப் பழையதை நெருப்புக்குக் கொடுப்பது முறையாக இருந்திருக்கலாம். பிரதி செய்யும் வேலை நின்றுபோய், கொளுத்துவது மட்டும் மிஞ்சியது. ஆழ்வார்திருநகரியில் ஏடு பிழைத்தது என்றால், ஓலை சாசுவதமானது என்பதால் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மருமகப் பிள்ளையைக் கூப்பிட்டார்.

"அந்தத் தேதிய இங்க சுவத்துல எழுதுலே. பெரிசா எழுது, எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியணும்."

போன வாரம் போயிருந்தேன். சுவரில், வெள்ளம் ஏறி நின்ற கறைக்கு ஒரு சாண் மேலே, தேதி எழுதியிருக்கிறது.